கடற்கரை ஒழுங்கையில் எடுத்த படம்

கல்முனைப் பெரிய வீதியில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. முன்னறையில் என் வீட்டுக்காரர் பாஸ்போட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் பிடிப்பார். கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கம் அவருக்கு, பெண்கள் பக்கம் எனக்கு. பெண்கள் இருக்கும் அறைக்குள் அந்நிய ஆண் போக முடியாது என்பதால், எங்கள் கலியாணம் முடிந்த புதிதிலேயே அவர் எனக்குக் கமரா பிடிக்கச் சொல்லித் தந்திருந்தார். எண்பதுகளின் நடுவில் ஊருக்குள் டீவியும் வீடியோக் கசெட் ஓடவிடுகிற டெக்கும் வந்து, கலியாணத்தை வீடியோவில் எடுத்துத் தரச் சொல்லி ஆட்கள் கேட்கத் தொடங்கியபோது நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம். எங்களிடம் வீடியோக் கமரா இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் முற்பகல், சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து, ஒரு சின்ன மணல் தெருவிலிருந்து, ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அந்த மாதம்தான் திரும்பியிருந்தாள். மெலிந்த உடம்பு, முக்காட்டுக்குள் பெரிய கண்கள். தாய் ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் பொத்தென்று வைத்தாள்.

“இத வித்துத் தாங்க மகள். ஆரும் வாங்குவாங்களா எண்டு பாருங்க.”

திறந்து பார்த்தேன். தோளில் வைத்துப் பிடிக்கிற வீடியோக் கமரா. என் வீட்டுக்காரர் அதைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மத்தவங்கட புள்ளைகள் வெளிநாடு போனா காப்பும் மாலையுமாக் கொண்டு வருதுகள். இவள் கொண்டந்ததப் பாருங்க. ஒழுங்கையே கூடி நிண்டு சிரிச்சிச்சு. எனக்குத் தலய வெளிய நீட்ட ஏலாமக் கிடக்கு,” என்று தாய் மூக்கைச் சிந்தினாள்.

“விக்க ஏலா உம்மா. நான் சொல்லிட்டன்,” என்றாள் மகள்.

அவள் வேலை செய்த வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டு, பிறந்தநாள் எல்லாவற்றையும் அவளைக் கொண்டுதான் எடுப்பித்திருக்கிறார்கள். வீட்டுக்காரிக்குக் கமராவைத் தூக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். அவர்கள் புதிது வாங்கியபோது, புறப்படுகிறவளுக்குக் கொடுக்க வைத்திருந்த காப்புக்குப் பதிலாகப் பழைய கமராவைத் தரும்படி இவள் கேட்டிருக்கிறாள். அவர்களும் சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

“காப்பக் கையில போடலாம். இத வெச்சி என்னடி செய்யப் போறாய்?” என்று தாய் கத்தினாள். மகள் கமராவை எடுத்துத் தோளில் வைத்தாள். தாய் திட்டிக்கொண்டே இருந்தாள், நான் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மகள் கமராவிலிருந்து கசெட்டை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

“டெக்குல போடுங்க காக்கா.” அன்றிலிருந்து அவர் அவளுக்குக் காக்கா, அண்ணன்; நான் ராத்தா, அக்கா.

அதுவரை நான் என்னைக் கண்ணாடியிலும் படத்திலும்தான் கண்டிருக்கிறேன். டீவியில் கண்டது வேறு யாரோ. ஒரு பெண் தலையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. அடுத்தவள் அழும்போது அவள் கண் ஒரு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வருகிறது. எனக்கு உடம்பு கூசியது. பக்கத்தில் அந்தத் தாய், தன் முகம் கோணுவதையும், திட்டுகிற வாய்க்கு மேலே கண்கள் மகளையே சுற்றுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் விற்கிற கதையை எடுக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இது நானா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் அன்றைக்கே மகளை வேலைக்குக் கேட்டேன். கலியாண வீட்டில் நான் படம், அவள் வீடியோ. தாய் சம்மதித்தாள். நான் கூடவே இருப்பேன் என்பதுதான் அவளுக்கு ஆறுதல்.

முதல் கலியாணம் நிந்தவூரில், நெற்காணியும் கடையும் உள்ள பெரிய வீடு. காரைதீவைத் தாண்டிப் பஸ்ஸில் போனோம். கமராவோடு அவள் அன்று முழுக்க நின்ற இடத்தில் நிற்கவில்லை. குரவை ஒலிக்க மாப்பிள்ளை வாசலுக்கு வந்தபோது அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். பிறகு காணவில்லை. பிறகு வந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. மணமகளின் நகையைப் படமெடுப்பதில் எனக்கு வேலை அதிகம்.

கசெட்டைக் கொடுத்த மறுநாள் மணமகளின் தாய் ஸ்டூடியோவுக்கு வந்து இறங்கினாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“கலியாணம் எங்கட. படம் சட்டி கழுவுறவளுகளுக்கா? ஏன் புள்ள, உங்களுக்கு விசரா?”

போட்டுப் பார்த்தோம். நல்ல காலம், மணமகள் இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், எல்லாம் இருந்தது. ஆனால் நடுநடுவே வீட்டின் பின்வளவு. கிணற்றடியில் கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் சாம்பலைத் தொட்டுத் தொட்டுச் சோற்றுக் கிடாரம் தேய்க்கிறார்கள். எல்லாரும் உண்டு முடிந்த பிறகு, ஒரே சஹன் தட்டைச் சுற்றி நின்றபடியே அவர்கள் உண்கிறார்கள். உள்ளே பாடுகிற பாட்டு அங்கேயும் கேட்கிறது. ஒருத்தி சோற்றுக் கையோடு தாளம் போட்டுச் சிரிக்கிறாள்.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னொரு டெக்கை இரவல் வாங்கி, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பிடித்து, வேண்டாததை வெட்டிப் புதிய கசெட் செய்து கொடுத்து அந்த அம்மாவை அனுப்பினோம். வீடியோ எடுத்தவளிடம் நான் கோபமாகத்தான் கேட்டேன்.

“என்னத்துக்கு இதையெல்லாம் எடுத்தாய்?”

“அவங்களும் கலியாணத்துக்கு வந்தவங்கதானே ராத்தா,” என்றாள். எதிர்த்துக் கதைக்கவில்லை. உண்மையில் அவளுக்கு என் கேள்விதான் விளங்கவில்லை.

வெட்டி எடுத்த துண்டுகளை என் வீட்டுக்காரர் அழிக்காமல் வைத்திருந்தார். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் நான் அதைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு தரம் பார்த்தேன், இன்னொரு தரம் பார்த்தேன். அந்தத் தாளம் போட்ட பெண்ணை எனக்குத் தெரியும். எத்தனையோ கலியாணங்களில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவள். அவள் சிரிப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றதே எனக்குத் தெரியாது.

“இவள்ட கண் நம்மட கண் இல்ல,” என்றார் அவர். “இவளுக்கு நாம ஏதும் செய்யணும்.”

அப்படித்தான் தொடங்கியது. கலியாண வேலையில் மிஞ்சுகிற கசெட்டுகளை அவளுக்குக் கொடுத்தோம். ஒழுங்கையில் கரண்ட் இல்லாததால் பற்றரியை ஸ்டூடியோவில் ஏற்றிக் கொடுத்தோம். இரண்டு டெக்கை வைத்து வெட்டி ஒட்டுகிற வேலையை அவர் அவளுக்குக் காட்டிக் கொடுத்தார். அவள் தன் ஒழுங்கையைப் படமாக்கப் போகிறாள் என்றாள். கதை, பாட்டு, சண்டை ஒன்றும் இல்லை. “எங்கட ஒழுங்கையில சனம் என்ன செய்யுதோ அதுதான்.”

தனியாக ஒரு குமர்ப் பிள்ளை கமராவோடு திரிவதை ஊர் விடாது. ஆகவே நானும் போனேன். மெயின் வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற மணல் ஒழுங்கை அது. இரண்டு பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி. ஆண்கள் கரைவலை இழுப்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள். பெண்கள் நெல் அவித்துக் குற்றுவார்கள், கலியாண வீடுகளுக்கு வேலைக்குப் போவார்கள், இல்லையென்றால் வெளிநாடு போவார்கள். பள்ளிவாசல் ஆட்கள் ஒரு தரம் நிறுத்திக் கேட்டார்கள், என்ன எடுக்கிறீர்கள் என்று. “இவள்ட உம்மா வாப்பாவத்தான்,” என்றேன். எங்களைப் பார்த்தார்கள், கமராவைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

அந்த ஒழுங்கையில், போன வருடம் சவூதியிலிருந்து திரும்பிய இன்னொரு பெண் இருந்தாள். அவளும் இவளும் சின்ன வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதப் போனவர்கள். வெயில் கொளுத்துகிற நாளிலும் அவள் மணிக்கட்டு வரை நீண்ட கைச் சட்டைதான் போடுவாள். “வெளிநாட்டுப் பவுசு” என்று ஒழுங்கை அவளைக் கேலி செய்யும். அவள் தாய்கூட அப்படித்தான் நினைத்திருந்தாள். மகள் விடியுமுன் மறைப்புக்குள் குளித்துவிட்டு வந்துவிடுவாள். அதையும் வெளிநாட்டில் பழகிய ஒழுக்கம் என்றுதான் தாய் சொல்வாள்.

ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் வைத்து என்னோடு வந்தவள் சொன்னாள்: “ராத்தா, இண்டைக்கு நீங்க வெளிய நில்லுங்க. நான் மட்டும் போறன்.”

பூவரச மரத்தடியில் நின்றேன். அந்த வீட்டுத் தாய் நெல் அவிக்கும் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாள். நெடுநேரம் கழித்து இவள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. “என்னகா நடந்த?” என்று கேட்டேன். “ஒண்டுமில்ல, தூசி” என்றாள். அந்தக் கசெட்டை அவள் எங்களிடம் காட்டவும் இல்லை. “இத நானே ஒட்டுறன் காக்கா, நீங்க பாக்க வேணாம்” என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே எழும்பிக் கதிரையைக் கொடுத்தார்.

படம் முடிந்ததும் எங்கள் வீட்டு விறாந்தையை அடுத்த பெரிய அறையில் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தோம். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். யன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினேன். ஒழுங்கையே வந்துவிட்டது. உள்ளே கால் வைக்க இடமில்லை.

தொடக்கத்தில் ஒரே சிரிப்பு. “அந்தா நான்!” “அல்லாஹ்வே, எனக்கு இவ்வளவு பல்லா?” வலை இழுக்கிற கணவன்மார் திரையில் வந்தபோது மனைவிமார் கூவினார்கள். குழாயடிச் சண்டை வந்தபோது, சண்டை பிடித்த இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். வெளிநாடு போய் வந்த ஒருத்தி, தான் இருந்த வீட்டுக்காரி தனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்ததைத் திரையில் சொன்னாள். சபையில் இருந்தவர்கள் அந்த வீட்டுக்காரிக்காக இறைவனிடம் துஆச் செய்தார்கள்.

அடுத்ததாக, நீண்ட கைச் சட்டைக்காரி வந்தாள்.

பாயில் இருக்கிறாள். பின்னால் கிடுகுச் சுவர். பிறகு இடது கைச் சட்டையை மெதுவாக மேலே மடிக்கத் தொடங்கினாள். முழங்கைக்கு மேலே வந்ததும் கையைத் திருப்பினாள்.

எனக்கு முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. இலை மாதிரி ஒரு வடிவம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் அகலம். பிறகு விளங்கியது. உடுப்பு அழுத்துகிற இஸ்திரிப் பெட்டி. கதிரையின் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“சட்ட கருகிப்போச்சு எண்டுதான் முதல் தரம்,” என்றாள் திரையில் இருந்தவள். குரலில் அழுகை இல்லை. “மறுகா ஒண்டுக்கும் இல்ல. அவக்குக் கோவம் வந்தா.”

அறையில் பிள்ளைகள்கூட அசையவில்லை. டீவிக்குக் கிட்ட, தரையில் அவள் தாய் இருந்தாள். முழங்காலில் நகர்ந்து நகர்ந்து முன்னால் போனாள். திரையில் இருந்த அந்தக் கையில் தன் விரலை வைத்தாள்.

“இது என்ட புள்ளட கையா?”

அவள் மகள் கதவுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் அதுவரை அவளைக் கவனிக்கவில்லை. தாய் திரும்பினாள்.

“என்னட்டச் சொல்லாம இருந்தியேடி மகள். ஒரே பாயிலதானே படுத்த.”

“வாயால சொல்ல ஏலாமப் போச்சு உம்மா,” என்றாள் மகள். “அதான் இவள்ட்டச் சொன்னன். நீ பாக்கட்டும் எண்டு.”

படம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. தாய் எழும்பி, இருந்தவர்களின் மடிகளையும் கால்களையும் தாண்டி மகளிடம் போனாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மகளின் கையைச் சட்டையோடு பிடித்து ஒரு தரம் தடவினாள். பிறகு விட்டுவிட்டு வாசலில் இறங்கினாள்.

“எங்க போறாய் மச்சி?” என்று யாரோ கேட்டார்கள்.

“சின்னவள்ட பாஸ்போட்ட எடுக்கப் போறன்.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவளுடைய இளைய மகளின் பாஸ்போட் படத்தை எங்கள் ஸ்டூடியோவில்தான் எடுத்தார்கள். அந்தப் பிள்ளையின் முக்காட்டைச் சரிசெய்து விட்டது நான். தமக்கை போன அதே நாட்டுக்கு, அதே ஏஜென்டின் கையால், அடுத்த வாரம் பயணம். தமக்கை ஏன் படத்தில் வாய் திறந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தாய் தனியாகப் போகவில்லை. அறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி அவள் பின்னால் போனார்கள். நானும் போனேன். ஏஜென்ட் மெயின் வீதியில் கேற் வைத்த வீட்டில் இருந்தார். ஒழுங்கைக்கு உறவுக்காரர், பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுகிறவர். சாரத்தோடு வெளியே வந்தவர் கூட்டத்தைக் கண்டு திகைத்துப் போனார்.

“விசா வந்திட்டு. டிக்கட்டும் போட்டாச்சு. இனி எப்படி நிப்பாட்டுற?”

“எனக்கு டிக்கட் தெரியா. என்ட புள்ளட பாஸ்போட்டத் தாங்க.”

“தங்கச்சி, உங்களுக்கு ஆரோ பொய்ய ஓதித் தந்திருக்காங்க. அங்க எல்லாம் நம்மட மார்க்கத்துச் சனம்தானே.”

அவள் கேற்றுக்குள் போய்ப் படியில் இருந்துவிட்டாள். மற்றவர்களும் வளவுக்குள் மணலில் இருந்தார்கள். வீதியில் போன சைக்கிள்கள் நின்றன. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது பாஸ்போட் வந்தது. ஏஜென்டின் மனைவிதான் உள்ளே போய் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது, “என்ன நடந்த மச்சி?” என்று ரகசியமாகக் கேட்டாள். அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஏஜென்ட் ஸ்டூடியோவுக்கு வந்தார், துணைக்கு இரண்டு பேரோடு.

“அந்தக் கசெட்ட இஞ்ச தாங்க. ஊர்ட மானத்த டீவில போட்டுக் காட்டுறீங்களா?”

என் வீட்டுக்காரர் சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலே வியர்த்துப் போகிறவர். அவர் கசெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். என்னால் அவரைக் குறை சொல்லவும் முடியாது, எங்கள் பிழைப்பு ஊரை நம்பியது. அவர் பிடித்திருந்த லென்ஸைத் துடைத்து முடித்தார்.

“கசெட் இரிக்கி. தர ஏலா. வேணுமெண்டா உங்கட ஊட்டுக்கு வந்து போட்டுக் காட்டுறம். உங்கட பொண்டுகளும் பாக்கட்டும்.”

வந்தவர்களைவிட நான்தான் அதிகம் அதிர்ந்தேன். அவர்கள் ஏசிவிட்டுப் போனார்கள். கொஞ்ச மாதங்களுக்குக் கலியாண வேலை குறைந்தது உண்மை. பெரிய வீடுகள் சில எங்களை மறந்தன. ஆனால் முன்கதவால் ஆட்கள் வராத அந்த மாதங்களில் பின்கதவால் பெண்கள் வந்தார்கள். மாளிகைக்காட்டிலிருந்து, மருதமுனையிலிருந்து, ஒலுவிலிலிருந்துகூட. சிலருக்குப் படத்தைப் பார்க்க வேண்டும். சிலருக்குச் சொல்ல வேண்டும். குசினியில் பாயை விரித்து, அவள் கமராவை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பாள். கேள்வி கேட்க மாட்டாள், அவர்களாகச் சொல்லும்வரை இருப்பாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அங்கே கேட்ட எல்லாவற்றையும் நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்குள், என் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அவர்கள் அதைச் சொன்னார்கள் என்பதை இப்போதும் முழுதாக நம்ப முடியவில்லை.

நீண்ட கைச் சட்டைக்காரியை அவள் தாய் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தழும்பு மாறாது என்றார்கள். கை நரம்பு இழுப்பதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். இளையவள் ஊரிலேயே கலியாணம் முடித்து, கணவனோடு மீன் உலர்த்தி விற்றாள். தமக்கை கலியாணம் முடிக்கவில்லை. தையல் பழகினாள்.

அடுத்த வருடம் பாண்டிருப்பிலிருந்து ஒரு தமிழ் டீச்சர் வந்தார். நெற்றியில் பொட்டோடு எங்கள் கடைக்குள் வரத் தயங்கி, வெளியே நின்றபடியே கேட்டார். “உங்களிட்ட ஒரு படம் இருக்காமே. எங்கட பக்கத்துப் பிள்ளையளும் வெளிநாடு போகுதுகள். ஒரு நாளைக்குத் தருவீங்களா?” அந்த நாட்களில் முஸ்லிம், தமிழ் இரு பக்கத்திலும் மனக்கசப்பு இருந்தது. வீதியில் சோதனை, ஊரடங்கு, கடைகளைப் பாதியில் இழுத்து மூடுகிற பகல்கள். கசெட்டை மட்டும் கொடுத்து அனுப்பலாம் என்றேன். எங்கள் வீடியோக்காரி ஒத்துக்கொள்ளவில்லை, தானே கொண்டுபோனாள். போன இடத்தில் இரண்டு பிள்ளைகள் அவளிடம் கமரா பழகக் கேட்டிருக்கிறார்கள். நெல் வெட்டுகிற கூலிக்காரரின் மகள்மார். கிழமைக்கு ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். வழியில் சோதனைக்காரர்கள் பையைக் கொட்டச் சொன்னால், “கலியாணப் படம் பழகுறம்” என்று சொல்வார்களாம்.

அவர்கள் எடுத்த படத்தை எண்பதுகள் முடிவதற்குள் பாண்டிருப்பில் ஒரு கிடுகுக் கொட்டிலில் போட்டார்கள். நாங்கள் மூவரும் போயிருந்தோம். அவள் அந்தப் பெண்களோடு தரையில் இருந்தாள். அறுவடைக் காலத்தில் தாய்மார் வயலில் நிற்க, வீட்டில் தனியாகக் கிடக்கும் கைக்குழந்தைகளைப் பற்றிய படம். ஒரு குழந்தையின் காலைக் கட்டிலோடு சீலையால் கட்டியிருந்தது. குழந்தை அந்தக் கட்டு இழுக்கும் தூரம்வரை தவழ்ந்து போய், திரும்பி, மறுபடியும் போனது. கொட்டிலில் இருந்த தாய்மார் குனிந்துவிட்டார்கள். எனக்கும் பார்க்க முடியவில்லை. அவள் மட்டும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அவள் நாடிவரை வந்து சொட்டியது, துடைக்கவில்லை.

படம் முடிந்து விளக்கைக் கொளுத்தியபோது அந்த இரண்டு பிள்ளைகளும் பயந்துபோய் மூலையில் நின்றார்கள். ஏச்சு விழும் என்று நினைத்திருப்பார்கள். அவள் எழும்பிப் போய் அவர்கள் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

“ராத்தா, இவங்களுக்கு வயல் முதலாளிமார் கதைக்கிறதயும் எடுக்கணுமாம். கசெட் கிடக்கா?”

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் பதில் சொன்னார். “ஓம், கிடக்கு.”